கொடுவாவுக்கு ஒரு நீர் போதாது

ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கொடுவா வலையில் வந்தால், அது பெண் என்று வயிற்றைக் கீறிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பெரும்பாலும் தவறாது. அரை மீட்டரைத் தாண்டிய அளவில், வயிற்றை லேசாக அழுத்தினால் பால்போல விந்து கசிகிறதா, அது ஆண். இரண்டும் ஒரே மீனின் இரண்டு பருவங்கள். முதிர்ந்ததும் சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, அப்புறம் பெண்ணாக மாறி மீதி ஆயுளைக் கழிக்கும் இனம் இது.

கொடுவாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் வியப்பாக இருக்கும். ஆனால் பால் மாற்றத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஒரு விநோதச் செய்தியாகவே நின்றுபோகும். எந்த வயதில் அந்த மீன் எந்த நீரில் இருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரம், கழிமுகம், சதுப்பு, ஆறு என்று நான்கையும் தொட்டு ஓடும் வாழ்க்கை அதற்கு. இவற்றுக்கு நடுவில் உள்ள வழி எங்காவது ஓரிடத்தில் அடைபட்டால், மீன் உயிரோடு இருக்கும், கொழுக்கவும் செய்யும். அடுத்த தலைமுறை மட்டும் வராது.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். அறிவியல் பெயர் லேட்டஸ் கால்கரிஃபர். மார்கஸ் எலீசர் பிளாக் என்ற பெர்லின் மருத்துவர் 1790-ல் இதை முதன்முதலில் விவரித்தார். நீண்ட, பக்கவாட்டில் தட்டையான உடல். நெற்றி சட்டென்று உள்வாங்கி, முதுகு மேலே எழும்பி நிற்கும். இந்த வளைவை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு மீனோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். வாய் பெரியது, தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். வால் துடுப்பு பிளவில்லாமல் வட்டமாக இருக்கும். இருட்டில் விளக்கடித்தால் கண்கள் செந்நிறமாக மின்னும். செவுள் மூடியின் ஓரம் கத்திபோலக் கூர்மையானது. அதில் கையை வைத்துப் பிடித்து விரலைக் கிழித்துக்கொள்ளாத மீன் ஆட்கள் குறைவு.

நிறத்துக்கு நிலையான ஒரு விதி கிடையாது. உப்பு நீரில் இருப்பது வெள்ளி மாதிரி பளபளக்கும், முதுகில் மட்டும் பச்சை கலந்த சாம்பல். கலங்கிய நன்னீரில் நாள்பட இருந்தது கருத்துப் போயிருக்கும். குஞ்சுகள் இன்னும் வேறு மாதிரி: பழுப்பில் திட்டுத் திட்டாக, தலையிலும் பிடரியிலும் வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். சதுப்பில் கிடக்கும் வேருக்கும் சருகுக்கும் நடுவில் அந்தக் குஞ்சைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை.

பாரசீக வளைகுடாவில் தொடங்கி, இந்தியக் கடலோரம் முழுவதும், வங்காள விரிகுடா, தென்கிழக்கு ஆசியா, தென்சீனம், பாப்புவா நியூகினி, வட ஆஸ்திரேலியா வரை கொடுவா பரவியிருக்கிறது. சுந்தரவனம், சிலிக்கா, பழவேற்காடு போன்ற இடங்களெல்லாம் அதன் இயல்பான வாழிடங்கள். ஒரு காலத்தில் ஜப்பானில் உள்ளதும் இதே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1984-ல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். 2012-ல் ஆய்வாளர்கள் ரோஹன் பெத்தியகொடவும் ஆந்தனி கில்லும் இலங்கையிலிருந்து ஒன்றையும் மியான்மரிலிருந்து ஒன்றையும் புதிய இனங்களாக அறிவித்தார்கள். 2016-ல் வெளியான மரபணுத் தொகுப்பு ஆய்வு, மிச்சமுள்ள கொடுவாவையும் இந்தியப் பகுதி, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா–பாப்புவா நியூகினி என்று மூன்று கூட்டமாகப் பிரித்துக் காட்டியது. ஆக, கொடுவா என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அவ்வளவு ஒற்றையான பொருளாக இல்லை. ஓரிடத்து மீனின் வயதுக் கணக்கையும் அளவுக் கணக்கையும் இன்னோரிடத்து மீனுக்கு அப்படியே பொருத்தினால் தப்பாகப் போகும். நன்கு ஆராயப்பட்டது ஆஸ்திரேலியக் கூட்டம் என்பதால், கீழே வரும் எண்களில் பலவும் அங்கிருந்து வந்தவையே. இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். அது முகத்துவாரத்தில் தொடங்குகிறது.

முட்டையிடும் காலம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எங்கே பார்த்தாலும் மழைக்காலத்தை ஒட்டித்தான் இருக்கும். வட ஆஸ்திரேலியாவில் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்தே ஆரம்பித்துவிடும். முதிர்ந்த மீன்கள் ஆற்றிலிருந்தும் கழியிலிருந்தும் இறங்கி, கடல்நீர் நன்றாக ஏறும் முகத்துவாரப் பகுதிக்கு வருகின்றன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள், சாயங்காலம் தாண்டிய நேரம், ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறும் பொழுது. இந்த மூன்றும் கூடிவரும்போது பெண்கள் முட்டையை நீரில் விடுகின்றன, கூட இருக்கும் ஆண்கள் விந்தைப் பாய்ச்சுகின்றன. கூடு கட்டுவதோ காவல் இருப்பதோ கிடையாது. விட்டது விட்டபடி போய்விடும்.

இதற்கு ஏன் உப்புநீர்தான் வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, விந்தணு. விந்தகத்துக்குள் அசையாமல் கிடக்கும் அது, உப்புநீர் பட்டதும்தான் நீந்தத் தொடங்கும். நன்னீரில் அதற்கு உயிர் வராது. இரண்டாவது, முட்டை. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்தக் கண்ணாடி உருண்டைக்குள் சிறு எண்ணெய்த் துளி ஒன்று இருக்கிறது. உப்பு அடர்ந்த நீரில் அது மிதக்கும். உப்பு குறைந்தால் அடியில் அமிழ்ந்து சேற்றோடு போகும். மிதந்தால்தான் ஏறும் ஓதம் அதைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். வளர்ந்த கொடுவா ஆற்று நீரில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வாழும். அதன் முட்டைக்கும் விந்துக்கும் அந்தச் சகிப்பு கிடையாது.

நீர் 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு நாள் முடிவதற்குள் முட்டை பொரிந்துவிடும். வெளியே வருவது ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை. வாய்கூடத் திறந்திருக்காது. கையில் இருக்கும் கருவுணவு தீர்வதற்குள் வாய் திறந்து, கண் தெளிந்து, மிதவை உயிரிகளைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள்தான் அவகாசம்.

தப்பிப் பிழைத்தவை அடுத்த சில வாரங்களில் ஓதத்தோடு சதுப்புக்குள் நுழைகின்றன. கொடுவாவின் வாழிடங்களில் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பது இந்த இடத்தைத்தான். அலையாத்திக் காட்டின் பின்புறத்தில், பெரிய ஓதம் வந்தால் மட்டும் நனையும் பள்ளங்களும் புல்வெளிகளும் இருக்கும். கோடையில் பொருக்கு வெடித்துக் கிடக்கும். பெரிய ஓதமும் மழையும் சேர்ந்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது உதவாத நிலம்தான். வெயிலில் அந்த நீர் 35 டிகிரியை எட்டுவதுண்டு. ஒரு வாரம் கடலைவிட உப்பாக இருக்கும், ஒரு நாள் மழை கொட்டினால் அதே இடம் குடிநீர் மாதிரி ஆகிவிடும். இரவில் நீரில் கரைந்த ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

பெரிய மீன்கள் இங்கே வரத் தயங்குவதற்கு அதுவே காரணம். ஆகவே குஞ்சுகளுக்கு இது பாதுகாப்பு. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் சின்னஞ்சிறு இறால் வகைகள், பூச்சிப் புழுக்கள், கொசுப் புழுக்கள் என்று உணவு பொங்கும். கொடுவாக் குஞ்சு அதைத் தின்று அதிவேகமாக வளர்கிறது. பறவைகள் ஒருபுறம் கொத்திக்கொண்டு போகும். அதைவிடப் பெரிய ஆபத்து கூடவே பிறந்தவைதான். கொடுவாவுக்குக் கோரைப் பற்கள் கிடையாது. தாடை முழுவதும் சொரசொரப்பான நுண்பற்கள்தான். கடித்துத் துண்டாக்க முடியாது, முழுசாக விழுங்கத்தான் முடியும். வாயைத் திடீரென்று விரிக்கும்போது உள்ளே வெற்றிடம்போல ஆகி, முன்னால் இருக்கும் நீரும் இரையும் சேர்ந்து உள்ளே பாயும். பெரிய மீன் இப்படி இரை பிடிக்கும்போது ‘டப்’ என்று ஓசை கரைவரை கேட்கும். குஞ்சுப் பருவத்தில் தன் நீளத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரைகூட, நீளமுள்ள இன்னொரு கொடுவாவை அது விழுங்கிவிடும். ஒரே நாளில் பிறந்தவற்றுள் நான்கு நாள் நன்றாகத் தின்றது, தின்னாததைத் தின்றுவிடும். வளர்ப்புக் கூடங்களில் குஞ்சுகளை அடிக்கடி சலித்து அளவுவாரியாகப் பிரித்து வைப்பது இதனால்தான். ஒரு வாரம் சோம்பினால் தொட்டியில் எண்ணிக்கை பாதியாகியிருக்கும். செத்த மீன் ஒன்றும் மிதக்காது.

மழை ஓயும்போது பள்ளங்கள் வற்றத் தொடங்கும். அதற்குள் குஞ்சுகள் ஓடைகளுக்கு வெளியேறியாக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவை கருவாடுதான். வெளியேறியவற்றில் ஒரு பகுதி கழிமுகத்திலேயே தங்கிவிடும். ஒரு பகுதி ஆற்றில் ஏறத் தொடங்கும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கடலில் இருக்கும்போது உடலில் உள்ள நீர் செவுள் வழியாக வெளியே இழுக்கப்படும். தாகம் பிடித்தவன்போல் மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே உள்ளே போகும் உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியே தள்ளும். சிறுநீர் மிகக் குறைவு. ஆற்றுக்குள் போனால் எல்லாம் தலைகீழ். நீர் தானாகவே உடலுக்குள் ஊறிவரும். குடிப்பதை நிறுத்திவிட்டு, சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றும். செவுள் இப்போது உப்பை நீரிலிருந்து உள்ளே இழுக்கும். பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் தெரியும். கொடுவா இரண்டையும் செய்யும், தேவைக்கு மாற்றிக்கொள்ளும். கடலில் கூண்டிலும் வளர்க்கிறார்கள், நன்னீர்க் குளத்திலும் வளர்க்கிறார்கள் என்றால் இந்தத் திறமையின் தயவில்தான்.

குளிர் மட்டும் அதற்கு ஆகாது. 26 முதல் 30 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும். 20-க்குக் கீழே இறங்கினால் இரை எடுப்பது மந்தமாகும். இன்னும் குளிர்ந்தால் சாகும். வரைபடத்தில் அதன் எல்லைக் கோட்டை வரைவது பெரும்பாலும் இந்த வெப்பநிலைதான்.

ஆற்றில் ஏறுவது எல்லா மீனும் செய்யும் வேலை என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும்: கடலோரத்தில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, மூன்று நான்கு வயதில் முட்டையிட இறங்கி வரும் மீன் என்று. சுத்தமான வட்டம். உண்மையில் அது அவ்வளவு சுத்தமாக இல்லை என்பதை மீனின் காதுக்குள் இருக்கும் கல் காட்டிக்கொடுத்தது.

செவிக்கல் என்பது மீனின் தலைக்குள், உள்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல். மீன் வளர வளர அதன்மேல் படலம் படலமாகச் சேரும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரிதான். ஆனால் சிறு குஞ்சில் நாள் வளையங்களைக்கூட எண்ணலாம். ஒருமுறை சேர்ந்த படலம் அதன்பிறகு கரைவதில்லை. அந்தக் கல்லை நடுவில் வைர வாளால் மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அப்புறம் மையத்திலிருந்து விளிம்புவரை லேசரால் ஒரு கோடு சுட்டுக்கொண்டே போய், ஆவியாகும் பொருளில் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம், ஆற்று நீரில் பொதுவாகக் குறைவு. அதோடு, அதன் இரண்டு ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளின்) விகிதம் உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்தான்: 0.7092. ஆறுகளில் அது பாறைக்குத் தக்கபடி மாறும். ஆக, கோட்டின் எந்த இடத்தில் எண் 0.7092-ஐ விட்டு விலகுகிறதோ, அந்த வயதில் மீன் உப்புநீரை விட்டு உள்ளே போயிருக்கிறது. திரும்பி வந்தால் எண்ணும் திரும்பி வரும்.

இப்படிப் பார்த்ததில் தெரிந்தது: சில கொடுவா முதல் வருடத்திலேயே ஆறேறி, பல வருடம் கழித்து இறங்கியிருக்கிறது. சில, கழிமுகத்தைவிட்டு நகரவே இல்லை. சில, ஆயுள் முழுவதும் உப்புநீரிலேயே கழித்துவிட்டன. ஒரே முகத்துவாரத்தில் ஒன்றாக முட்டையிடும் மீன்களுக்குள்ளேயே இத்தனை வகை வாழ்க்கை. அப்படியானால் ஆறு தேவையே இல்லையா என்று கேட்கத் தோன்றும். வட ஆஸ்திரேலிய ஆறுகளில் செய்த ஆய்வில், நன்னீருக்குப் போன மீன்கள் போகாதவற்றைவிட வேகமாக வளர்ந்தது தெரிந்தது. வெள்ளச் சமவெளியில் கிடைக்கும் தீனி அப்படி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ஃபிட்ஸ்ராய் ஆற்றுக் கழிமுகத்தில், ஆற்று நீர் நிறைய வந்த வருடங்களில் பிறந்த தலைமுறைகள் எண்ணிக்கையில் பெருத்திருந்தன. நீர் வராத வருடத்துத் தலைமுறை மெலிந்து கிடந்தது. வெள்ளம் வந்தால் சதுப்பு நிறையும், வழிகள் திறக்கும், குஞ்சுகள் பிழைக்கும். கடலுக்குப் போகும் ஆற்று நீர் ‘வீண்’ என்று சொல்லும் வழக்கம் எங்கும் உண்டு. ஒரு கொடுவாவின் செவிக்கல்லைப் படித்தவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்குவார்கள்.

இப்போது பால் மாற்றத்துக்கு வரலாம்.

ஆஸ்திரேலியாவில் பொதுவாக மூன்று முதல் ஐந்து வயதுக்குள், 55–60 சென்டிமீட்டர் நீளத்தில் கொடுவா ஆணாக முதிர்கிறது. ஆறிலிருந்து எட்டு வயதுவாக்கில், 80 சென்டிமீட்டரைத் தாண்டிய நிலையில் பெண்ணாகிறது. ஒரு பருவத்தில் விந்தைப் பாய்ச்சி முடித்த கையோடு விந்தகத் திசு சுருங்கத் தொடங்கும். அதே உறுப்பில் சினைத் திசு வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டும் கலந்து கிடக்கும் இடைநிலை உறுப்பு தெரியும், ஆனால் அந்த நிலையில் பிடிபடுவது அபூர்வம், மாற்றம் அவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு அது தாய். அதன்பின் திரும்பி ஆணாவது இல்லை.

இதற்கு ஜீன் மாறத் தேவையில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குரோமோசோம் இந்த மீனில் இல்லை. இருக்கும் ஜீன்களில் எதை முடுக்குவது, எதை அடக்குவது என்பதுதான் மாறுகிறது. விந்தகத்தைக் காக்கும் ஜீன்மீது வேதிக் குறிகள் ஏறி அது அடங்குகிறது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதிக்கான ஜீன் விழித்துக்கொள்கிறது.

ஏன் இந்த வரிசை? களவா மீன்களில் பல இதற்கு நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். அங்கே பெரிய ஆண் ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு பல பெண்களை வைத்துக்கொள்ளும். ஆகவே பெரிதாக இருப்பதன் லாபம் ஆணுக்கு. கொடுவா கூட்டமாக, யாரும் யாரையும் காக்காமல், நீரில் விட்டுவிட்டுப் போகும் இனம். அரை மீட்டர் ஆண் தரும் விந்தே தாராளம். முட்டை அப்படியில்லை. அது வயிற்றின் கொள்ளளவைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு. 120 சென்டிமீட்டர் பெண் 3 முதல் 4 கோடி முட்டைகள் வரை சுமக்கும். சின்ன உடம்போடு இருக்கும்போது ஆணாக இருந்துகொண்டு, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாவதுதான் இந்த மீனுக்குக் கட்டுப்படியாகும்.

எல்லாம் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசியாவின் சில பகுதிகளில், ஆணாக இருந்த தடமே இல்லாமல் நேரடியாகப் பெண்ணாக முதிர்ந்தவையும் கிடைத்திருக்கின்றன. வட ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவின் வடகிழக்கில் ஒரு குட்டைக் கூட்டம் இருக்கிறது. அங்கே மற்ற இடங்களைவிட மிகச் சிறிய உடலிலேயே ஆணாக முதிர்ந்து, சிறிய உடலிலேயே பெண்ணாகவும் மாறிவிடுகிறது. அப்படியானால் மாற்றத்தைத் தூண்டுவது நீளம் மட்டுமல்ல, வயதுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

மீன்பிடிப்பில் இது எப்படி இடிக்கிறது என்று பாருங்கள். வழக்கமான விதி, சின்ன மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி என்பதுதான். ஆணும் பெண்ணும் எல்லா அளவிலும் கலந்திருக்கும் இனத்துக்கு அது போதும். கொடுவாவில் பெரியதை எல்லாம் பிடித்தால் பெண்ணை எல்லாம் பிடித்ததாகிவிடும். கடலில் ஆண்கள் நிறைய மிஞ்சியிருக்கும், மீன் வளம் குறையவில்லை என்றுகூடத் தோன்றும். குயின்ஸ்லாந்தில் இதற்காக இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார்கள். 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், 120-க்கு மேலே இருந்தாலும் விட வேண்டும். கிழக்குக் கடலோரத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, அதாவது முட்டையிடும் காலத்தில், பிடிக்கவே தடை. எனக்கு இதில் மேல் கோடுதான் முக்கியமாகப் படுகிறது. பெரிய மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படாத தூண்டில்காரர் யார்? அந்த ஆசைக்கு எதிராகத்தான் அந்த எண் நிற்கிறது.

உலகச் சாதனையாகப் பதிவான 44.64 கிலோ கொடுவா, குயின்ஸ்லாந்தின் மாண்டுரான் ஏரியில் தூண்டிலில் பிடிபட்டது. அது ஓர் அணைத் தேக்கம். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து அங்கே விடுகிறார்கள். தீனிக்குக் குறைவில்லாததால் அவை நன்றாகப் பருக்கின்றன. ஆனால் உப்பில்லாத அந்த நீரில் இனப்பெருக்கம் நடக்காது. குஞ்சு விடுவதை நிறுத்தினால் ஒரு தலைமுறையோடு ஏரியில் கொடுவா முடிந்துவிடும். மீன் பெரிதாக இருப்பதும் இடம் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

பொரிப்பகங்கள் வந்த கதையும் நீண்டது. 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் செயற்கையாக முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் வெற்றி பெற்றது. ஹார்மோன் ஊசி ஒன்று போட்டால் ஒன்றரை நாள் வாக்கில் மீன் தொட்டியிலேயே முட்டையிடும். இங்கேயும் பால் மாற்றம் தன் வேலையைக் காட்டும். புதிதாகப் பண்ணை தொடங்குகிறவர் குஞ்சு வாங்கித் தாய்மீன் வளர்க்க நினைத்தால், முதல் சில வருடங்களுக்குக் கையில் ஆண்கள்தான் இருக்கும். அதனால் பழைய பெண்களைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறார்கள். அதில் இன்னொரு சிக்கல்: ஒரு பெண்ணே கோடிக்கணக்கில் முட்டை தருவதால், சில தாய்களின் பிள்ளைகளே பண்ணை முழுவதும் நிறைந்துவிடுகின்றன. மரபு வகை குறைந்துகொண்டே போகும்.

கடைசியாக, அடைபட்ட வழிகள். ஃபிட்ஸ்ராய் ஆற்றின் குறுக்கே ராக்ஹாம்ப்டன் நகரில் 1970-ல் கதவணை ஒன்று கட்டினார்கள். கடல்நீர் மேலே ஏறாமல் தடுப்பதும் நன்னீரைத் தேக்குவதும் நோக்கம். மீன் ஏறுவதற்குப் படியும் வைத்தார்கள். ஆனால் அந்தப் படியின் வடிவம் வட அரைக்கோளத்துச் சால்மன் மீன்களுக்காக உருவானது. சால்மன் துள்ளித் தாவும். இந்த ஆற்று மீன்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவை இடுக்கு வழியாக நீந்திப் போகிறவை. 20 வருடத்துக்கு மேல் படி இருந்தும் இல்லாத மாதிரிதான். 1994-ல் அதை மாற்றி, மேலிருந்து கீழ்வரை செங்குத்தான பிளவுகள் வைத்து அமைத்தார்கள். எந்த ஆழத்தில் வந்தாலும் அந்தப் பிளவில் நுழைந்து, அடுத்த தொட்டியில் இளைப்பாறி, மறுபடி நுழையலாம். கொடுவா உள்பட பல இன மீன்கள் ஏறத் தொடங்கின.

ஆற்றுக்காவது படி கட்ட ஆள் இருக்கிறது. சதுப்புக்கு அதுகூட இல்லை. அங்கே வழியை அடைப்பது பெரிய அணை அல்ல. ஒரு மண் கரை, ஒரு சாலையின் கீழ் உயரமாக வைத்த குழாய், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மதகு. குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் நகரை ஒட்டிய கிழக்கு டிரினிட்டியில் 1970-களில் கரும்பு பயிரிடுவதற்காக எழுநூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட ஓத நிலத்தைக் கரை கட்டி அடைத்தார்கள். அலையாத்தி மண்ணில் இரும்பு சல்ஃபைடு இருக்கும். நீரில் மூழ்கியிருக்கும்வரை அது சாது. காய்ந்து காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். கரும்பும் தேறவில்லை, மழை பெய்யும்போதெல்லாம் அமில நீர் ஓடைகளில் இறங்கி மீன்கள் செத்தன. 2000-க்குப் பிறகு மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சுண்ணாம்பு சேர்த்து, கடல்நீரை மறுபடி உள்ளே விட்டார்கள். மண்ணின் அமிலம் தணிந்தது. அலையாத்தி தானாகவே முளைத்தது. ஓடைகளில் மீன்களும் நண்டுகளும் மறுபடி வந்து சேர்ந்தன. யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை, மதகு திறந்ததும் ஓதமே கொண்டுவந்தது.